என் பேரில் ஒருவன் சம்பாதிக்கிறான்

"சலூன் ரசீது," என்று ஒரு துண்டுச் சீட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார் மேடம். "முடி வெட்டிக்கிட்டது எப்படிங்க தொழில் செலவாகும்?"

எதிரே உட்கார்ந்திருந்த டைல்ஸ்காரர் தலையைத் தடவிக்கொண்டார். "பரட்டைத் தலையோட போனா எவன் மேடம் வீட்டுக்குள்ள விடுவான்?"

"இது பல் டாக்டர்."

"சிரிச்சுப் பேசினாத்தானே ரேட்டு படியும்?"

"சினிமா டிக்கெட். ரெண்டு."

"அந்தப் படத்துல ஹீரோ வீட்டுத் தரை சூப்பரா இருந்துச்சு. டிசைன் பார்க்கப் போனேன்."

வாலு சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வாலு என்பது அவனுக்கு ஊர் வைத்த பெயர். முப்பத்தெட்டு வயதாகியும் அது உதிரவில்லை. இன்சூரன்ஸ் விற்கப் போய், வந்த வாடிக்கையாளரிடம் "உங்களைப் பார்த்தா நூறு வயசு இருப்பீங்க, எதுக்கு சார் பாலிசி?" என்று கேட்டு வேலையைத் தொலைத்தவன். இப்போது மேடத்தின் துப்பறியும் நிலையத்தில் ஒரே உதவியாளர், ஒரே டிரைவர், டீ வாங்கி வருகிறவனும் அவனே.

மேடத்துக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. சல்லடை. இருபத்தாறு வருடம் வரி அலுவலகத்தில் குப்பை கொட்டியவர். அவர் மேசைக்குப் போன கணக்கில் கல்லும் மண்ணும் தனியாக வந்துவிடும் என்பார்கள். மேலதிகாரியின் மைத்துனர் கணக்கையும் அதே சல்லடையில் போட்டுச் சலித்ததால், ஒரு நாள் மாலையும் கழுத்துமாக விருப்ப ஓய்வில் அனுப்பி வைத்தார்கள். மறுவாரமே சலவைக் கடை மாடியில் பலகை மாட்டிவிட்டார்.

டைல்ஸ்காரரின் சங்கதி இதுதான். அவர் எந்த முதலாளியிடமும் சம்பளத்துக்கு இல்லை. தானே காண்ட்ராக்ட் பிடித்து, தானே டைல்ஸ் ஒட்டி, தானே வரி கட்டும் ஆசாமி. அவருக்கு வேலை கொடுக்கும் கம்பெனிகள் வருடக் கடைசியில், இன்ன வரி நம்பர்காரருக்கு இவ்வளவு கொடுத்தோம் என்று வரி அலுவலகத்துக்குச் சொல்லும். அவரும் தன் பங்குக்கு, இவ்வளவு வந்தது, இவ்வளவு செலவானது, மிச்சம் இது என்று எழுதிக் கொடுப்பார். இரண்டும் ஒத்துப்போனால் யாருக்கும் தலைவலி இல்லை.

இந்த வருடம் ஒத்துப்போகவில்லை. குளியலறை கட்டிக் கொடுக்கும் ஒரு கம்பெனி, இவர் நம்பருக்கு ஒரு பெரிய தொகை கொடுத்ததாக எழுதியிருந்தது. இவர் வருடம் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து சம்பாதித்ததைவிட அது அதிகம்.

"அந்தக் கம்பெனிக்கு நான் ஒரு கல்லுகூட ஒட்டலை மேடம்! எவனோ என் நம்பரை வெச்சுச் சம்பாதிக்கிறான். நாளைக் காலைல பத்து மணிக்கு விசாரணை. ஆதாரத்தோட பதில் சொல்லலைன்னா வரி, அபராதம், அதுக்கு ஈடா என் வேன். வேன் போச்சுன்னா கட்டிங் மெஷினைத் தலையில தூக்கிட்டா போவேன்?"

"வீட்டுல என்ன சொல்றாங்க?" மேடம் ரசீதுகளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

டைல்ஸ்காரரின் முகம் தொங்கிப் போனது. "அதை ஏன் கேக்கறீங்க. நோட்டீஸை அவ கையில குடுத்தேன். படிச்சா. மூஞ்சி வெளுத்துடுச்சு. ஒரு வார்த்தை பேசலை. பெட்டியைத் தூக்கிட்டு அவங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டா. மூணு நாளாச்சு. இவ்வளவு பணம் சம்பாதிச்சு எவளுக்குக் கொட்டினேன்னு நெனச்சுட்டா போலிருக்கு. எனக்கு இன்னொரு குடும்பமாம்! இருக்கிற ஒண்ணுலயே எனக்கு மரியாதை இல்லை."

அவர் கண் கலங்கியது. வாலுவுக்கே பாவமாக இருந்ததால் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். வேனை விடவும் அந்தப் பெட்டிதான் மனிதரை அதிகம் அரித்துக்கொண்டிருந்தது.

"வந்த பணத்தை எல்லாரும் தேடுவாங்க," என்றார் மேடம். "நாம போன பணத்தைத் தேடுவோம். பையைக் கொட்டு வாலு."

அது ஒரு துணிப்பை. வருடம் முழுக்க வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குமாம். எந்த ரசீது வந்தாலும் அதற்குள் போய்விடும். வருடக் கடைசியில் பை அப்படியே மச்சினன் வீட்டுக்குப் போகும். மனைவியின் தம்பி. அவன்தான் கூட்டிக் கழித்து வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பவன்.

மேடம் சீட்டாட்டக்காரர் மாதிரி ரசீதுகளைப் பிரித்தார். டீசல் ஒரு பக்கம். பசை ஒரு பக்கம். கட்டிங் பிளேடு ஒரு பக்கம். சலூன், பல், சினிமா வகையறா நேராகக் குப்பைக் கூடைக்குப் போனது. ஒவ்வொன்றும் விழும்போது டைல்ஸ்காரர் ஒரு பெருமூச்சு விட்டார். அரை மணி நேரம் கழித்து இரண்டு ரசீதுகள் மட்டும் மேசை நடுவில் தனியாகக் கிடந்தன.

"ஒரு வருஷத்துல எத்தனை ஜோடி முட்டி பேட் வாங்குவீங்க?"

"மண்டி போட்டுச் செய்யற வேலை மேடம். வருஷத்துக்கு ஒரு ஜோடி தேயும்."

"சைஸு?"

"பெரிசு. என் முட்டியைப் பார்த்தாலே தெரியலையா?"

"இந்த வருஷம் ரெண்டு ஜோடி வாங்கியிருக்கு. ஒண்ணு பெரிசு. ஒண்ணு சின்னது." மேடம் இரண்டாவது ரசீதை நகர்த்தினார். "இந்தச் சின்னது வாங்கின ஹார்டுவேர் கடை பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. அதே கடையில பதினாலு பிளேடு, முப்பது மூட்டை பசை. நீங்க அந்தக் கடைக்குப் போவீங்களா?"

"நான் பாலமே தாண்டறதில்லையே!"

"அந்தக் குளியலறைக் கம்பெனி எங்க இருக்கு?"

டைல்ஸ்காரர் நோட்டீஸைப் பார்த்தார். "பாலத்துக்கு... அந்தப் பக்கம்."

வாலு விசில் அடித்தான். "மேடம், உலகத்துலயே இப்படி ஒரு திருடனை நான் கேள்விப்பட்டதில்லை. நம்பரைத் திருடறான், வேலை செய்யறான், அப்புறம் செலவு ரசீதைப் பத்திரமாக் கொண்டுவந்து திருட்டுக் கொடுத்தவர் பையிலயே போட்டுட்டுப் போறான். வரியில கழிச்சுக்கோங்கன்னு! எவ்வளவு நல்ல மனசு!"

டைல்ஸ்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "மச்சினன்! பை அவன் வீட்டுக்குத்தான் போகுது! என் நம்பர் அவனுக்குத்தான் தெரியும்! இன்னிக்கு அவனை..."

"உட்காருங்க. மச்சினன் ஆள் எப்படி?"

"எருமை மாதிரி இருப்பான்."

"கீழ விழுந்த பேனாவைக் குனிஞ்சு எடுப்பாரா?"

டைல்ஸ்காரர் நேர்மையாக யோசித்தார். "கூப்பிட்டு எடுத்துத் தரச் சொல்லுவான்."

"அப்ப சின்ன சைஸ் பேட் அவருக்குக் கட்டைவிரல்லதான் மாட்டும்," என்றான் வாலு.

மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டார். ஆள் யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது வாலுவுக்கு அந்தக் கணமே புரிந்தது. தெரிந்துவிட்டால் மேடம் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். இப்போது துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டால் சொல்ல மாட்டார் என்பதும் தெரியும். அதனால் கேட்காமல் வேன் சாவியை வாங்கிக்கொண்டான்.

குளியலறைக் கம்பெனியின் அலுவலகத்தில் எங்கு திரும்பினாலும் கழுவு தொட்டி. நடுவில் கணக்கர் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். பேசும்போது பாதிச் சொற்களை விழுங்கினார்.

"ஆள் விவரமெல்லாம் தர முடியாதுங்க. எங்களுக்கு நம்பர்தான். ஃபார்ம்ல எந்த நம்பர் எழுதியிருக்கோ அதைத்தான் வரி ஆபீஸுக்கு அனுப்புவோம்."

"நம்பரும் பேரும் ஒத்துப்போகுதான்னு பார்ப்பீங்களா?" மேடத்தின் குரல் தேனாக இருந்தது. வரி அலுவலகத்தில் அந்தக் குரலைக் கேட்டுப் பலர் மறைத்த கணக்கைத் தாங்களே எடுத்து நீட்டியிருக்கிறார்கள்.

"அது... வேலை நெருக்கடியில..."

"பார்க்கறதில்லை. சரி. குறிச்சுக்க வாலு."

வாலுவிடம் பேனாவே இல்லை. இருந்தாலும் உள்ளங்கையில் எதையோ குறித்துக்கொள்வது போல் பாவனை செய்தான். கணக்கருக்கு வியர்த்தது. பேச்சை மாற்றுவதற்காக டைல்ஸ்காரரைப் பார்த்தார்.

"இவரை எங்கியோ பார்த்திருக்கேனே. ஆங்! போன வருஷம் வேலை கேட்டு வந்தீங்கல்ல? மாதிரிப் பலகையில நாலு கல்லு ஒட்டிக் காட்டினீங்க. சூப்பர்வைசர் வேண்டாம்னுட்டார்."

வேன் ஓட்டி வந்த வாலு அதைக் கேட்டு மெதுவாகத் திரும்பினான். "கம்பெனிப் பேரையே கேள்விப்படாத மாதிரி பேசினீங்களே?"

டைல்ஸ்காரர் கூரையைப் பார்த்தார். "ஒட்டலைன்னுதானே சொன்னேன். ஒட்ட விடலைன்னு எவன் வெளில சொல்லுவான்? பாலம் தாண்டறதில்லைன்னு அன்னிக்குத்தான் முடிவு பண்ணினேன்."

"இப்ப ஒட்டுற ஆளு எப்படி?" என்றார் மேடம்.

கணக்கரின் முகம் மலர்ந்தது. "கை ராசின்னா அதுதான். ரசமட்டம் வெச்சுப் பார்த்தா கோடு அசையாது. இவருக்குச் சொன்ன ரேட்டைவிட ஒன்றரை மடங்கு குடுத்து வெச்சிருக்கோம்."

டைல்ஸ்காரர் ஒரு கழுவு தொட்டியைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் வாலு சுவரில் தொங்கிய பலகையைப் படித்து முடித்திருந்தான். எந்தக் கட்டடத்தில் எந்த வேலை என்று சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். டைல்ஸ் வேலைக்கு நேரே ஒரே ஒரு முகவரி. இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடி.

மாடிப்படி ஏறும்போதே சத்தம் கேட்டது. ரப்பர் சுத்தியலின் தட்டல். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று. பூசி முடிக்காத கூடத்தைத் தாண்டி முதல் குளியலறைக்குள் டைல்ஸ்காரர்தான் முன்னால் புகுந்தார். தரை பாதி ஒட்டியாகியிருந்தது. அவர் மண்டியிட்டு, கன்னத்தைத் தரையோடு வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். எழுந்து வேறு மூலையிலிருந்து பார்த்தார். நாணயத்தால் ஒவ்வொரு கல்லாகத் தட்டினார். குற்றம் கண்டுபிடிக்க அந்த மனிதர் பட்ட பாடு வாலுவுக்கே சங்கடமாகிவிட்டது.

"வெட்டின கல்லு எங்க?" என்று முணுமுணுத்தார். கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கண்ணில் படாத அந்த ஓரத்தில் துண்டுக் கல்லெல்லாம் வரிசையாக இருந்தது. "நானும் இங்கதான் ஒளிப்பேன்."

அப்புறம் இரண்டு கல்லுக்கு நடுவே நகத்தை விட்டு எதையோ உருவி எடுத்தார். நான்காக மடித்த ஓர் அட்டைத் துண்டு. அதை மேடத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மேடம்! இடைவெளி ஒரே அளவா வர எல்லாரும் கடையில பிளாஸ்டிக் துண்டு வாங்கி வைப்பாங்க. பற்பசை டப்பாவை வெட்டி நாலா மடிச்சு வைக்கிறது நான் கண்டுபிடிச்சது. என் சொந்த மூளை! இதையும் திருடிட்டான்! இதே பற்பசையைத்தான் நாங்களும்... படுபாவி, என் வீட்டுக் குப்பையைக் கூட விட்டு வைக்கலையா?"

உள்ளறையில் சுத்தியல் சத்தம் நின்றது.

"கத்தாதீங்க," என்றது ஒரு குரல். "அந்த ஓரத்துல நிக்காதீங்க. ஒட்டி இருபது நிமிஷம்தான் ஆச்சு. நகந்துடும்."

டைல்ஸ்காரர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார். மூக்கை மறைத்த துணியை இறக்கியபடி வாசலுக்கு வந்த பெண் அவருடைய மனைவி. கையில் பசை அப்பிய கரணை. தலைமுடியெல்லாம் சிமெண்ட் தூள். முட்டியில் சின்ன சைஸ் பேட்.

வாலு அந்த பேடையும் மேடத்தின் மூக்குக்கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீ அக்கா வீட்டுல இருக்கேன்னுல்ல..." என்று தொடங்கினார் டைல்ஸ்காரர்.

"இந்த மூணு நாளா ராத்திரி அங்கதான். பகல்ல இங்க. ஒரு வருஷமா."

"என்னைச் சந்தேகப்பட்டுத்தானே போனே?"

மேடம் குறுக்கே வந்தார். "உங்களை அவங்க எங்கங்க சந்தேகப்பட்டாங்க? புருஷனுக்கு இன்னொரு குடும்பம்னு நெனைக்கிற பொண்டாட்டி நூறு கேள்வி கேப்பா. பாத்திரம் பறக்கும். நோட்டீஸைப் படிச்சுட்டு ஒண்ணுமே கேக்காம ஒருத்தர் போறார்னா, பதில் அவருக்கு முன்னாடியே தெரியும். நீங்க கதையைச் சொன்னப்பவே எனக்குப் பொறி தட்டிச்சு. சின்ன பேட் ரசீது வந்ததும் உறுதியாச்சு."

மனைவி சுவரில் சாய்ந்தார். சொல்லிவிட வேண்டும் என்று வெகு நாளாகக் காத்திருந்தவர் மாதிரி மடமடவென்று வந்தது பேச்சு.

"போன வருஷம் உங்களை வேண்டாம்னு அனுப்பினாங்கல்ல. மாதிரிப் பலகையைத் திருப்பி வாங்கப் போக உங்களுக்கு வெக்கம். என்னை அனுப்பினீங்க. பார்த்தா ஒரு கல்லு ஆடுது. மனசு கேக்கலை. அங்கேயே உட்கார்ந்து எடுத்துட்டுச் சரியா ஒட்டினேன். சூப்பர்வைசர் பின்னாடி நின்னு பார்த்துட்டிருந்தார். வேலைக்கு வர்றீங்களாம்மான்னார். ஃபார்ம் குடுத்தாங்க. வரி நம்பர்னு ஒரு கட்டம். நம்ம வீட்டு நம்பரை எழுதினேன்."

"அது என் நம்பர்டி!"

"எனக்கென்ன தெரியும்? ஒன்பது வருஷமா உங்க பில்லு அத்தனையிலும் அந்த நம்பரை எழுதினது நான்தான். வீட்டுக்கு ஒண்ணுன்னு நெனச்சேன். கரண்ட் மீட்டர் மாதிரி."

வாலுவுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்சூரன்ஸ் காலத்தில் அவனே தன் அண்ணன் நம்பரை எழுதிக் கொடுத்து ஒரு வருடம் ஓட்டியிருக்கிறான்.

"ரசீதையும் அதனாலதான் பையில போட்டீங்களா?" என்று கேட்டான்.

"பின்னே? செலவு ரசீதை வீட்டுப் பையிலதானே போடணும். நோட்டீஸ் வந்தப்பத்தான் ஏதோ பெரிய தப்புப் பண்ணிட்டேன்னு தெரிஞ்சது. பயந்துட்டேன். ஜெயில்ல போடுவாங்களோன்னு அக்கா வேற கிளப்பி விட்டுட்டா. இந்த வேலையை முடிச்சுக் குடுத்துட்டு வந்து உண்மையைச் சொல்லலாம்னு இருந்தேன்."

"ஒரு வருஷமா எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"உங்களை வேண்டாம்னு சொன்ன இடத்துல என்னை வேணும்னாங்கன்னு சொன்னா, நீங்க எத்தனை நாள் சாப்பிடாம இருப்பீங்க?"

டைல்ஸ்காரர் உண்மையிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்பது தெரிந்தது. "மூணு," என்றார் கடைசியில். பிறகு ஏதோ ஞாபகம் வந்து நிமிர்ந்தார். "சரி, அந்தப் பணம் எங்க?"

"வேன் தவணை கட்டலைன்னு மாசாமாசம் போன் பண்ணித் திட்டுவாங்களே. எட்டு மாசமா போன் வந்துச்சா?"

"இல்லை. திருந்திட்டாங்கன்னு நெனச்சேன்."

"நான் கட்டிட்டேன். மொத்தக் கடனும் போன மாசம் முடிஞ்சது. மிச்சம் பேங்க்ல இருக்கு."

டைல்ஸ்காரர் இன்னமும் காலைத் தூக்கிக்கொண்டுதான் நின்றார். மேடம் அவரைக் கையைப் பிடித்துக் காய்ந்த பக்கம் கொண்டுவந்து, கவிழ்த்து வைத்த ஒரு வாளி மேல் உட்கார வைத்தார். பிறகு கணக்கருக்குப் போன் போட்டார். பெயரையும் நம்பரையும் ஒத்துப் பார்க்காமல் அனுப்பியது யார் குற்றம் என்று அதே தேன் குரலில் விசாரித்தார். சாயங்காலத்துக்குள் திருத்தக் கடிதம் வீடு தேடி வரும் என்று பதில் வந்தது.

"இனிமே சொல்றதைக் கேளுங்க. நாளைக்கு விசாரணைக்கு ரெண்டு பேரும் வாங்க. இது என் வருமானம் இல்லை, என் மனைவி வருமானம்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அவங்க சொந்தமா நம்பர் வாங்கி, அவங்க வருமானத்தை அவங்களே காட்டட்டும். பசை, பிளேடு, சின்ன பேட் எல்லாம் அவங்க செலவு. வேனும் டீசலும் உங்க கணக்கு. ஜெயிலும் கிடையாது, ஜப்தியும் கிடையாது. தாமதத்துக்குச் சின்னதா ஒரு அபராதம் வரும்."

டைல்ஸ்காரர் தயங்கினார். "மேடம், அந்தக் கடிதத்துல... அவ என்னைவிட நல்லா வேலை செய்யறான்னு எழுதணுமா?"

"வரி ஆபீஸ்ல அதுக்குக் கட்டம் இல்லைங்க."

மனிதருக்கு உயிர் வந்தது. உடனே பழைய குரலும் வந்துவிட்டது. "இருந்தாலும் மேடம், ஒரு வருஷம்! என் பேர்ல, எனக்கே தெரியாம..."

மேடம் கைப்பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். ரசீதுப் பையோடு டைல்ஸ்காரர் கொண்டுவந்திருந்த பழைய வரிப் படிவங்கள்.

"செலவுப் பக்கத்துல 'உதவியாளர் கூலி'ன்னு ஒரு வரி இருக்கு. ஒன்பது வருஷமும் சைபர். இத்தனை வருஷம் உங்களுக்குப் பசை குழைச்சது யாரு? கல்லு தூக்கிக் குடுத்தது, பில்லு எழுதினது?"

"அவதான். அதுக்கென்ன, வீட்டு ஆள்தானே..."

மேடம் படிவங்களை அவர் கையில் வைத்தார்.

"ஒரு வருஷம் அவங்க உங்க பேர்ல சம்பாதிச்சதுக்கு நீங்க டிடெக்டிவ் வெச்சுத் தேடறீங்க," என்றார் மேடம். "ஒன்பது வருஷம் உங்க பேர்லயே உழைச்சதுக்கு அவங்க யாரை வெச்சுத் தேடணும்?"

டைல்ஸ்காரர் படிவங்களைப் புரட்டி, ஒன்பது சைபரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாலு ஒரு ஜோக்கைத் தேடினான். ஒன்றும் அகப்படவில்லை, அகப்பட்டாலும் சொல்லியிருக்க மாட்டான். கடைசியில் அவர் பேனா கேட்டு வாங்கி, மேடம் சொல்லச் சொல்ல எழுதி, கையெழுத்துப் போட்டார். 'என் மனைவி' என்று எழுதியதை அடித்துவிட்டு, அவருடைய முழுப் பெயரை எழுதினார்.

"வீட்டுக்குப் போலாமா?" என்று மனைவியைக் கேட்டார்.

"இன்னும் ரெண்டு வரிசை இருக்கு. பசை தீர்ந்துடுச்சு, குழைக்கணும்."

அவர் எழுந்தார். உட்கார்ந்திருந்த வாளியைத் திருப்பி நிமிர்த்தினார். மூட்டையைப் பிரித்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "தண்ணி எவ்வளவு?" என்று கேட்டார். இருபது வருட அனுபவஸ்தர் கேட்கிற கேள்வியில்லை அது. மனைவி அளவைச் சொன்னார். அவர் ஊற்றினார்.

வாசல் வரை போன வாலுவுக்கு அதற்கு மேல் நாக்கு அடங்கவில்லை. "அண்ணி, இவருக்குக் கூலி உண்டா, இல்லை வீட்டு ஆள்தானா?"

"உண்டு. மணிக் கணக்குல. ரசீதோட," என்றார் மனைவி, மண்டியிட்டு அடுத்த கல்லை எடுத்தபடி. "ஏங்க, எழுதி வைக்கணும், உங்க நம்பர் சொல்லுங்க."

டைல்ஸ்காரர் வாயைத் திறப்பதற்குள் மனைவியே கையை அசைத்துத் தடுத்துவிட்டார்.

"வேண்டாம், விடுங்க. அது எனக்கு மனப்பாடம்."